நீங்கள் போடச் சொன்ன ஏரி

அன்பு அத்தைக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க முடியாத கடிதம் இது. நீங்கள் இருந்தபோதும் நாம் அப்படியெல்லாம் கேட்டுக்கொண்டதில்லை. ஒரே வீட்டில் பதினேழு வருஷம் இருந்தோம். காபி ஆறுகிறது, கேஸ் தீர்ந்துவிட்டது, இன்றைக்குத் தண்ணீர் வராது, இவ்வளவுதான் நம் பேச்சு. இப்போது நீங்கள் போய் நாலு வருஷம் கழித்து உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு சேதி இருக்கிறது. வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும்.

ஹாலில் மாட்டியிருக்கிற உங்கள் ஏரிப் படம் எந்த இடத்தில் எடுத்தது என்று கண்டுபிடித்துவிட்டேன்.

உங்கள் மகனும் ஓர் ஊரைக் கண்டுபிடித்தார். அது வேறு ஊர். அந்தக் கதையையும் சொல்கிறேன், சிரிப்பீர்கள். சிரிப்பீர்களா? நீங்கள் சிரித்து நான் பார்த்தது குறைவு.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிக்கக்கூடும். அவர்களுக்காகப் படத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அடி அகலம் இருக்கும். பின்னால் ஒரு பாறைக் குன்று, அதன் தலையில் நாலு கால் வைத்த சின்னக் கல்மண்டபம். குன்றுக்கு முன்னால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீல ஏரி. கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையால் கலர் பூசிய காலத்துப் படம். ஏரி வாஷிங் பவுடர் நீலம், புல் கிளிப்பச்சை, மண்டபத்துக்கு மஞ்சள், அதன் உச்சியில் ஒரு சிவப்புக் கொடி. வானம் எப்போதும் சாயங்காலம்.

"எங்க ஊரு, எங்க கோயில் மண்டபம்" என்பீர்கள். எந்த ஊர் என்று கேட்டால், "குடியாத்தம் பக்கம். பஸ்ஸை விட்டு எறங்கி நடக்கணும். பேரு சொன்னா யாருக்குத் தெரியப்போவுது?" என்பீர்கள். அதற்குமேல் நானும் கேட்டதில்லை, உங்கள் மகனும் கேட்டதில்லை.

பெண் பார்க்க வந்த அன்று என் அப்பாவிடம் நீங்கள் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறதா? "உங்களுக்கு ஊரு எது?" அப்பாவுக்கு அப்பாவே ஜோகுபாளையத்தில் பிறந்தவர். "இதாம்மா ஊரு" என்றார் அப்பா. "இது இருக்கற எடம். ஊரு எதுன்னு கேக்கறேன்" என்றீர்கள். அப்பா தரையைப் பார்த்தார். கல்யாணம் என்னவோ நடந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு என் சமையலில் உப்பு கூடினாலும் குறைந்தாலும், "ஊரு பேரு இல்லாத வீட்டுப் பொண்ணு, வேற எப்படி இருக்கும்" என்ற பேச்சு வரும். உப்புக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்கலாம்.

அதைவிட என் வேலை உங்களுக்கு ஆகவே ஆகாது. அல்சூர் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் துணி அறை என் பொறுப்பு. வார்டு வார்டாக வருகிற படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் எண்ணிச் சலவைக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் எண்ணி அடுக்க வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை, மாதச் சம்பளம், பக்கத்திலேயே இடம். வேறு எந்த மாமியாராவது இருந்திருந்தால் நாலு வீட்டில் பெருமையாகச் சொல்லியிருப்பார். நீங்கள், "ஊரான் அழுக்கைத் தொட்டுட்டு வர்ற கை, குளிச்சிட்டு அடுப்பாண்ட போ" என்பீர்கள். பதினேழு வருஷமும் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் போனேன். ஜுரம் வந்த நாட்களிலும்.

காவிரிக் கலவரம் நடந்ததே, அந்த டிசம்பரில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தோம். பக்கத்து வீட்டு ரத்னம்மா கொல்லை வழியாகப் பால் கொண்டுவந்து கொடுத்து, "ஏனூ ஆகல்ல, பயப்படபேடி" என்று, ஒன்றும் ஆகாது பயப்படாதீர்கள் என்று, கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார். நம் கவிதா அப்போது மூன்றாம் வகுப்பு, "நாம எங்க போவோம் பாட்டி?" என்று உங்களைக் கேட்டாள். நீங்கள் படத்தைக் காட்டி, "இன்னா ஆனாலும் நமக்கு ஊரு இருக்குது" என்றீர்கள். உங்கள் மகன் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் அன்று வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது அத்தை. என் பிறந்த வீட்டாருக்கு அப்படிக் காட்ட ஒரு சுவர்ப்படம்கூடக் கிடையாது.

அந்த நிம்மதிதான் போன வருஷம் எங்களைப் பிடித்து ஆட்டியது. ஃபேக்டரியில் வி.ஆர்.எஸ். என்று விருப்ப ஓய்வு கொடுத்தார்கள், அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். முதல் மாதம் தூங்கினார். இரண்டாவது மாதம் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களுக்கும் வாஷர் மாற்றினார். மூன்றாவது மாதம் சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு படத்துக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"இது இனிமே நம்ம ஊரு இல்ல விஜி," என்றார். "வைட்ஃபீல்டுக்குப் போற வண்டிங்களுக்கு நடுவுல ரோடு தாண்டவே அரை மணி ஆவுது. கடையில போனா இங்கிலீஷ்ல பேசறான். அம்மா ஊருக்கே போய்டலாம். ஏரிக்கரையில சின்னதா ஒரு வீடு கட்டிக்கலாம்."

"எனக்கு வேலை இருக்குதே."

"நீயும் எழுதிக் குடுத்துடு."

எனக்கு எழுதிக் கொடுக்க இஷ்டமில்லை. இந்தத் தெருவில் பிறந்து இந்தத் தெருவுக்கே மருமகளாக வந்தவள் நான். என் மாடி, என் துணி அறை, ரத்னம்மா, கவிதா லீவுக்கு வந்து இறங்கும் பஸ் ஸ்டாப், எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. இதை விட்டுவிட்டுப் பெயர் தெரியாத ஏரிக்கரையில் போய் என்ன செய்வேன்? சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு தேடல் ஆரம்பித்தது. படத்தைக் கையில் கொண்டுபோக முடியாது என்று கடையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார். பழைய மெஷின், நீலத்தைப் பிடிக்கவில்லை. ஏரி இருந்த இடம் முழுக்க வெள்ளையாக வந்திருந்தது. "மெஷின் பேஜார் பண்ணுது" என்று சொல்லி, அந்த வெள்ளைக்கு நடுவில் பேனாவால் 'ஏரி' என்று எழுதிக்கொண்டார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குடியாத்தத்துக்கு பஸ் ஏறினார்.

இரண்டு முறை வெறுங்கையோடு வந்தார். மூன்றாவது முறை செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"கண்டுபுட்சிட்டேன் விஜி! படத்தைப் பார்த்த ஒடனே ஒருத்தர் சொல்லிட்டாரு, இது எங்க ஏரியாச்சேன்னு. அம்மாவோட ஆளுங்களைக்கூடத் தெரியுமாம்."

"குன்னு இருக்குதா?"

"கல்லு ஒடச்சி எடுத்துட்டாங்களாம்."

"மண்டபம்?"

"இடிஞ்சிபோச்சாம்."

"தண்ணி?"

"நல்ல மழை பெஞ்சா வருமாம்."

"அப்போ இன்னாதாங்க இருக்குது அங்க?"

"ஏரி இருக்குதில்ல!" என்றார் கோபமாக. ஏரியைக் காட்டிய அதே ஆளிடம் விற்பதற்கு ஒரு மனையும் இருந்தது. அதைச் சொன்னபோது அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. தை பிறந்ததும் போய்விடுவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது அவர்.

ஜெராக்ஸ் கசங்கிப் போய்விட்டது, அந்த ஆளுக்குக் கொடுக்க இரண்டு காப்பி எடுத்து வா என்று என்னிடம் தந்து அனுப்பினார். மத்தியானம் துணி அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தாளைப் பிரித்தேன். எதிரில் அன்று வந்த விரிப்புகள் அடுக்காக இருந்தன. தாளையும் அடுக்கையும் பார்த்தேன். மறுபடி தாளைப் பார்த்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புல்லில் விரிப்பு காயப்போடுவதற்கு ஒரு முறை உண்டு. ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஒரு சாண் ஏற வேண்டும். ஏறிய இடத்தில் மூலைக்கு ஒரு கல். அப்படிப் போட்டால் காற்று அடியில் புகாது, ஒரே கல் இரண்டு விரிப்பைப் பிடித்துக்கொள்ளும். எங்களுக்குச் சலவை செய்கிறவர்களின் மைதானத்தில் இதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். ஜெராக்ஸ் தாளில் 'ஏரி' என்ற எழுத்துக்கு இரண்டு பக்கமும் நேர்கோடுகள் ஓடின. நாம் அலை என்று நினைத்திருந்த கோடுகள். கோடும் கோடும் சேரும் இடத்தில் ஒரு புள்ளி. வரிசை வரிசையாக, ஒரே இடைவெளியில். தண்ணீரில் கல் அப்படி வரிசையாக நிற்காது.

தாளை எடுத்துக்கொண்டு நர்சிங் ஹோம் மொட்டைமாடிக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் ராணுவ வளாகத்துக்குள் ஒரு பாறை தெரியும். அதன் மேல், இந்த நகரத்தைக் கட்டிய கெம்பேகவுடா காலத்து எல்லைக் கோபுரம், நாலு கால் வைத்தது. மாடியில் துணி எண்ணுகிற நேரமெல்லாம் எனக்கு எதிரில் நின்றிருக்கிறது. வலது பக்கம் பாறையில் மேலிருந்து பாதி வரை ஒரு பிளவு. தாளிலும் அதே பிளவு. மஞ்சளும் சிவப்புக் கொடியும் போய்விட்டால், நீங்கள் கோயில் மண்டபம் என்று சொன்னதும் இதுவும் ஒன்றுதான். நிஜ ஏரி, அல்சூர் ஏரி, பாறைக்குப் பின்னால் இருக்கிறது. படத்திலும் அது தெரியாது, எங்கள் மாடியிலிருந்தும் தெரியாது.

நம் வீட்டிலிருந்து அந்தப் பாறைக்கு எவ்வளவு தூரம் அத்தை? நடந்து போனால் அரை மணி ஆகுமா?

இருந்தாலும் நான் உடனே நம்பிவிடவில்லை. அதே மாதிரிக் கோபுரம் ஊரைச் சுற்றி நாலு உண்டு என்கிறார்கள். ஒரு தலையணை உறை குறைந்தாலும் வார்டில் போய்த் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன், அது என் பழக்கம். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் படத்தைக் கழற்றினேன். பின்பக்கத்து அட்டையில் ஒரு வட்ட முத்திரை இருந்தது. ஸ்டூடியோவின் பெயர் அழிந்துபோய், பிரேசர் டவுன் என்பதும் தெருவின் பெயரும் மட்டும் மிச்சம். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

இப்போது அங்கே ஜெராக்ஸும் லேமினேஷனும் பாஸ்போர்ட் போட்டோவும்தான். கல்லாவில் இருந்தவர் பழைய முதலாளியின் மகன், நசீர் என்று பெயர் சொன்னார். எனக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள், அவர்களை அனுப்பிவிட்டுப் படத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"அரே, இது அப்பா காலத்து மால். இதெல்லாம் எனக்கு எங்க ஞாபகம் இருக்கும்?"

"கலர் பூசினவங்க இந்த எடத்தைப் பார்த்திருப்பாங்களா?"

"சான்ஸே இல்ல. கலர் போடறதுக்கு உள்ள ஒரு அம்மா இருந்தாங்க. எடத்தையும் பாக்க மாட்டாங்க, பார்ட்டியையும் பாக்க மாட்டாங்க. பார்ட்டி கவுன்டர்ல வந்து அப்பா கிட்ட சொல்லுவாங்க, வானம் இந்தக் கலர், பொடவை இந்தக் கலர்னு. அப்பா போட்டோ பின்னாடி பென்சில்ல எழுதி உள்ள குடுத்துடுவாரு. அதைப் பார்த்து அந்தம்மா போடும்."

"இதுலயும் எழுதியிருக்குமா?"

"இருக்கணும். மூலையிலதான் பசை வெச்சிருக்கு." பிளேடை எடுத்து நாலு மூலையிலும் செருகினார். படம் அட்டையை விட்டு வந்தது. திருப்பி என் பக்கம் நீட்டினார். "தமிழ் போல. எனக்குத் தமிழ் படிக்க வராது மேடம், நீங்களே படிச்சுக்குங்க."

பென்சில் எழுத்து மங்கவேயில்லை, முதலில் உங்கள் பெயர். அப்படியே எழுதுகிறேன்.

'பார்ட்டி பார்வதி, சலவை லைன். குன்று காவி. மண்டபம் மஞ்சள், கொடி ஒன்று சிவப்பில். வானம் மாலை. துணியெல்லாம் தண்ணீராகப் போடவும். இடது ஓரம் துணி உதறும் பெண் பார்ட்டியே. வேண்டாம் என்கிறார். செடி போட்டு மறைக்கவும். கல்யாணத்துக்கு முன் வேண்டும்.'

"இன்னா எழுதியிருக்கு?" என்று கேட்டார் நசீர்.

"கலருங்கதான்" என்றேன்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். இரண்டு பஸ்களை விட்டுவிட்டேன். எனக்குக் கோபம் வந்தது அத்தை. அழுகை இல்லை, கோபம். பட்டாளத்துச் சலவைக்காரர்கள் குடியிருந்த சலவை லைனில் வளர்ந்த நீங்கள், அவர்கள் விரிப்பை வெயிலில் நின்று உதறிய நீங்கள், என்னைப் பதினேழு வருஷம் குளிக்க வைத்தீர்கள். இங்கேயே பிறந்த நீங்கள் என் அப்பாவைப் பார்த்து ஊர் எது என்று கேட்டீர்கள். அவர் தரையைப் பார்த்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது? என்னைப் பார்க்கும்போதெல்லாம் என்ன தோன்றியது? தினமும் துணி வாடையோடு ஒருத்தி உங்கள் வாசலில் வந்து நின்றால், விட்டு ஓடி வந்தது திரும்பி வந்த மாதிரி இருந்திருக்குமோ?

அப்போதுதான் ஒரு மத்தியானம் நினைவுக்கு வந்தது. மழை இறங்குகிற மாதிரி இருந்தது, நான் மாடியில் நம் வீட்டுப் பெரிய ஜமுக்காள விரிப்பைத் தனியாக மடிக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். நீங்கள் மேலே வந்து இரண்டு மூலையைப் பிடித்து ஓர் உதறு உதறினீர்கள். படார் என்று சத்தம். கண்ணிமைக்கிற நேரத்தில் நாலு மடிப்பாகிவிட்டது, ஓரத்தோடு ஓரம் நூல் பிசகவில்லை. எங்கள் சலவைக்காரர்கள்கூட அப்படி மடிக்க மாட்டார்கள். "எங்க கத்துக்கிட்டீங்க அத்தை?" என்று கேட்டேன். "பொம்பளைங்களுக்கு இதுகூடவா தெரியாது?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள். அதற்குப் பிறகு மாடியில் துணி எடுக்க நீங்கள் வந்ததே இல்லை.

மாமாவுக்குத் தெரியுமா? தெரியாமல் இருந்திருக்க முடியாது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு இந்தப் படத்தை மாட்டினீர்களா, இல்லை அவரும் நம்பினாரா? அந்தப் படத்தை யார் எடுத்து உங்களுக்குக் கொடுத்தார்கள்? நீங்கள் அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கலர் பூசி ஹாலில் மாட்ட வேண்டும் என்று ஏன் தோன்றியது? இதற்கெல்லாம் எனக்கு விடை தெரியவில்லை.

மூன்றாவது பஸ் வந்தபோது கோபம் போய் வேறு ஒரு சங்கடம் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் தை மாதம் நான் ஊரை விட்டுப் போக வேண்டும். இங்கேயே இருக்க வேண்டுமானால் உங்களை உங்கள் மகனிடம் காட்டிக்கொடுக்க வேண்டும். பத்து நாள் சும்மா இருந்தேன். மனைக்காரரிடமிருந்து பத்திரம் எழுத நாள் குறித்துக் கடிதம் வந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன்.

"இது குடியாத்தம் இல்லீங்க."

"பின்ன?"

"இங்கதான். அல்சூர் ஏரியாண்ட, மிலிட்டரி காம்பவுண்டு உள்ள. அது எல்லைக் கோபுரம். இது தண்ணி இல்ல, காயப்போட்ட துணி."

"சும்னே ஒளறாத. ஊருக்கு வரக்கூடாதுன்னு நீ இன்னா வேணா சொல்லுவே."

"வரக்கூடாதுன்னு ஆசை இருக்குது. இல்லேன்னு சொல்லல. அதுக்காக உங்கம்மா மேல பொய் சொல்ல மாட்டேன். நீங்களே படிங்க."

படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"எங்கம்மா எங்கிட்ட பொய் சொன்னாங்களா?"

"கலர் போடச் சொன்னாங்க. அவ்ளோதான்."

அவர் படத்தை முன்பக்கம் திருப்பினார். இடது ஓரத்தில் ஒரு செடி இருந்தது. உயரமாக, தடிப்பாக, மற்ற இடத்துப் பச்சையைவிட இருட்டாக. இத்தனை வருஷத்தில் நான் அதைக் கவனித்ததில்லை. யார்தான் செடியைக் கவனிப்பார்கள்?

"இங்கயா?" என்றார்.

"ம்."

எழுந்து போய் அலமாரியிலிருந்து டர்பன்டைன் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்து வந்தார். "எங்கம்மாவோட சின்ன வயசு போட்டோ ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல விஜி. கல்யாணப் போட்டோகூட இல்ல. எப்படி இருப்பாங்கன்னே எனக்குத் தெரியாது. மெதுவா தொடச்சா வந்துடும்."

எனக்கும் பார்க்க ஆசைதான். பதினெட்டு வயசில் நீங்கள் எப்படி இருந்தீர்கள், கேமராவைப் பார்த்தீர்களா, முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களா என்று. ஆனால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"அவங்கதான் போய்ட்டாங்களே."

"அதனாலதான் சொல்றேன். இருந்தாங்கன்னா கேட்டுட்டுத் தொடைக்கலாம்."

பாட்டிலை மூடிவிட்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. உங்களோடு பேசினாரோ என்னவோ, படத்தை மடியில் வைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் ஷேவ் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை. அன்று எனக்கு லீவு. பதினோரு மணிக்குத் திரும்பி வந்தார். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டுல நிக்கற சிப்பாய்க்குத் தமிழும் தெரியல, கன்னடமும் தெரியல," என்றார். "எனக்குத் தெரிஞ்ச இந்தியில சொன்னேன். எங்கம்மா ஊரு, உள்ள போய் ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்னு. பர்மிஷன் எடுத்துனு வான்னான். ரொம்ப நேரம் நின்னேன். ஊருக்குள்ள வுட மாட்டேன்றான் விஜி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்புறம் அழுதார். நீங்கள் போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது, நான் மறைக்கவில்லை.

குடியாத்தத்து ஆளுக்கு மனை வேண்டாம் என்று ஒரு கார்டு போட்டாயிற்று. தை வந்தது, போனது. பர்மிஷனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். எதற்காக உள்ளே போக வேண்டும் என்று எழுதும் இடத்தில் என்ன போடுவது என்று என்னைக் கேட்டார். நீங்களே போடுங்கள் என்றேன். ரொம்ப நேரம் யோசித்து, 'சொந்த ஊர் பார்க்க' என்று எழுதினார். இன்னும் பதில் வரவில்லை. வந்தால் இரண்டு பேரும் போவோம். எந்த இடத்தில் நின்றீர்கள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியும் என்று நினைக்கிறேன். பிளவு தெரிகிற கோணத்தை வைத்துப் பார்த்தால் போதும்.

படம் பழைய இடத்திலேயே மாட்டியிருக்கிறது. புதுக் கண்ணாடி போட்டிருக்கிறோம். அத்தை, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் இருக்கிற வரை அந்தப் படத்தில் ஒரு கலரையும் யாரும் துடைக்க மாட்டார்கள். ஏரி அழகாக இருக்கிறது என்று வருகிறவர்கள் சொன்னால், ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போவேன். நீங்கள் கேட்டு வாங்கிய ஏரி, அது உங்களுக்கே இருக்கட்டும். ஆனால் என்றைக்காவது யாராவது கிட்டே போய்ப் பார்த்து, இந்த மூலையில் இருப்பது என்ன செடி என்று கேட்டால், என்னால் மழுப்ப முடியாது. "செடி இல்லீங்க, அது எங்க அத்தை. வேலையில நிக்கறாங்க" என்றுதான் சொல்வேன்.

ஜோகுபாளையத்திலிருந்து,
உங்கள் மருமகள்
விஜயா